திருமுழுக்குப் பெறாத நம் முன்னோர்

ஜூபிலி ஆண்டு முன்னோரை நினைக்கும் ஆண்டு. கோயில் எழுப்பியோர், மணி வார்க்கச் செம்பு கொடுத்தோர், பங்கை மேய்த்த குருக்கள், ஞானோபதேசம் படிப்பித்த உபதேசியார்கள் ஆகிய அனைவரையும் நன்றியோடு நினைவுகூர்கிறோம். அது தக்கதே. ஆனால் ஞானஸ்நான ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனால், நம்மில் எந்தக் குடும்பத்துக்கும் ஏதோ ஒரு பக்கத்தில் பெயர் நின்றுவிடுகிறது. அதற்கு மேலே ஏட்டில் எழுத்தில்லை. எழுத்தில்லையே தவிர, ஆட்கள் இருந்தார்கள். கட்டுமரம் தள்ளினார்கள், வலை பின்னினார்கள், பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார்கள், கடலிலும் காய்ச்சலிலும் மாண்டார்கள். கிறிஸ்து நாதரின் திருப்பெயரைக் காதால் கேளாமலே கண்மூடிய அந்தப் பாட்டனும் பாட்டியும் எங்கே இருக்கிறார்கள்?

இந்தக் கேள்வியை ஏதோ பழங்காலத்துக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் நமது கரையில் ஒரே சமயத்தார் மட்டும் வாழும் தெரு ஏது? கலப்புத் திருமணம் நடந்த வீடுகளில் பெண்ணின் தகப்பனார் ஒரு சமயம், பேரப்பிள்ளைகள் ஒரு சமயம். துறைமுகத்திலும், லேலண்டு, என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப். போன்ற தொழிற்சாலைகளிலும் இருபது முப்பது வருடம் ஒரே ஷிப்டில் நின்றவர்கள் கூடப்பிறந்தவர்களைப்போல் ஆகிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் இறந்தால் நாம் மாலை வாங்கிக்கொண்டு போகிறோம். சுடுகாடு வரை நடக்கிறோம். திரும்பி வரும் வழியில் மனதில் எழும் கேள்வியை வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறோம். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. எங்கள் தாத்தா மோட்சத்துக்குப் போவாரா என்று நேராகவே கேட்டுவிடுகிறார்கள். திருச்சபை இக்கேள்வியை எப்படியெல்லாம் எதிர்கொண்டது, அதில் நமது கரைக்கு என்ன பங்கு என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நமது ஊரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். அர்ச். பேதுருவைப் பழைய கத்தோலிக்கத் தமிழில் இராயப்பர் என்பர், அர்ச். பவுல் சின்னப்பர். இராயப்பரின் பெயரால் ஆனதே இராயபுரம் என்று நம் பெரியவர்கள் சொல்லி வருகிறார்கள். படகோட்டிப் பிழைத்த கத்தோலிக்க மக்கள் தங்கள் உழைப்பின் காசைக்கொண்டு இராயப்பருக்கு எழுப்பிய ஆலயம் இங்கு இருக்கிறது. மீனவரான அந்த அப்போஸ்தலருக்குத்தான் இக்கேள்வி முதன்முதலில் வந்தது என்பதை நாம் அடிக்கடி நினைப்பதில்லை. யோப்பா என்ற துறைமுகப் பட்டினத்தில், கடலோரமாக வீடு வைத்திருந்த சீமோன் என்ற தோல் பதனிடுகிறவன் வீட்டில் அவர் தங்கியிருந்தார். அங்கிருந்து செசரியாவுக்கு அழைக்கப்பட்டு, கொர்நேலியு என்ற உரோமைப் படைத் தலைவனின் வீட்டில் காலடி வைத்தார். கொர்நேலியு ஞானஸ்நானம் பெறாதவன். ஆயினும் அவனுடைய ஜெபமும் தர்மமும் இறைவனிடம் ஏற்கனவே போய்ச் சேர்ந்திருந்தன. கடவுள் ஆள்பார்த்து நடப்பவர் அல்லர், எந்த இனத்தாரிலும் அவருக்கு அஞ்சி நேர்மையாய் நடப்பவன் அவருக்கு ஏற்றவன் என்று இராயப்பர் அன்று கண்டுகொண்டதை அப்போஸ்தலர் பணி நூலின் 10-ஆம் அதிகாரம் கூறுகிறது. அதே இராயப்பரின் முதல் நிருபத்தில் இன்னும் ஆழமான ஒரு செய்தி உண்டு. மரித்த கிறிஸ்து, சிறையிலிருந்த ஆவிகளிடம் போய் அறிவித்தார் என்கிறது அந்நிருபம். விசுவாசப் பிரமாணத்தில் ‘பாதாளத்தில் இறங்கி’ என்று ஒவ்வொரு ஞாயிறும் நாம் சொல்லிக் கடந்துவிடும் இரண்டு சொல்லின் பொருள் இதுவே. தமக்கு முன் இறந்தவர்களை ஆண்டவர் மறந்துவிடவில்லை.

ஆதித் திருச்சபையின் மக்களுக்கும் இது வீட்டுக் கவலையாகவே இருந்தது. பெர்பெத்துவா என்ற பெயர் நம் பாட்டிமாரிடையே சகஜம். அந்தப் புனிதை 203-ஆம் ஆண்டு கர்த்தாஜ் நகரில் வேதசாட்சியாக மரித்தவர். சிறையில் அவர் எழுதிவைத்த குறிப்பு இன்றும் இருக்கிறது. ஏழு வயதில் முகத்தில் புண் வந்து இறந்துபோன தம்பி தினோகிராத்தேசைக் கனவில் கண்டாராம். சிறுவனுக்குத் தாகம், எதிரே தொட்டி நிறையத் தண்ணீர், ஆனால் விளிம்பு அவன் உயரத்துக்கு மேலே. அக்காள் இரவும் பகலும் அழுது ஜெபித்தாள். மறுபடி கண்ட காட்சியில் தொட்டி தாழ்ந்திருந்தது. சிறுவன் குடித்துவிட்டு விளையாட ஓடினான். அந்தப் பிள்ளை ஞானஸ்நானம் பெற்றவனா இல்லையா என்று பெர்பெத்துவா எழுதவில்லை. இருநூறு ஆண்டுகள் கழித்து அர்ச். அகுஸ்தீனார், பெற்றவனாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று வாதாட நேர்ந்தது. அக்காளுக்கு அந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை என்பதை மட்டும் நாம் கவனித்துக்கொள்வோம்.

திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்ற கண்டிப்பான வாக்கு 3-ஆம் நூற்றாண்டில் அர்ச். சிப்ரியானின் போதனையிலிருந்து வந்தது. திருச்சபையை உடைத்துக்கொண்டு வெளியேறியவர்களை நோக்கி அவர் சொன்னது அது. நற்செய்தியே எட்டாத மக்களை மனதில் வைத்துச் சொன்னதன்று. காலப்போக்கில் அவ்வாக்கு எல்லோர்மேலும் பொழியலாயிற்று. 1442-இல் ஃபுளோரன்ஸ் சங்கம், புறச்சமயத்தார் இறப்பதற்குமுன் திருச்சபையில் சேராவிட்டால் நித்திய ஜீவியத்தில் பங்கு பெறமாட்டார்கள் என்று கடுமையாகவே எழுதிவைத்தது. அக்காலத்து ஐரோப்பியர் உலகம் முழுவதும் நற்செய்தி அறிவிக்கப்பட்டுவிட்டது என்றே பெரும்பாலும் எண்ணியிருந்தனர். அறிந்தும் மறுத்தவர்களே வெளியே நிற்பவர்கள் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கைக் கெடுத்தவை கப்பல்கள். 1492-இல் கொலம்பஸ் மேற்கே போனார். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கினார். கிறிஸ்துவின் பெயரே கேள்விப்படாத கோடிக்கணக்கான மக்கள், தங்கள் கோயில்களோடும் நூல்களோடும் நீதிநெறிகளோடும், திடீரென ஐரோப்பியர் கண்முன் நின்றார்கள். இவர்கள் எல்லோருமா நரகத்துக்கு? துறைமுகத்துக்காரர்களான நமக்கு இது விளங்கும். கப்பல் சரக்கை மட்டும் இறக்குவதில்லை.

அந்தக் கப்பல்களில் ஒன்றில் வந்தவர் புனித சவேரியார். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவ மக்களிடையே உழைத்த அவர், 1545-இல் மயிலாப்பூருக்கு வந்து அப்போஸ்தலர் தோமையாரின் கல்லறை அருகே ஏறக்குறைய நான்கு மாதம் தங்கி, இனி எங்கே போவது என்று ஜெபத்தில் தேடினார். இங்கிருந்துதான் மலாக்காவுக்குக் கப்பலேறினார். 1549-இல் ஜப்பான் போய்ச் சேர்ந்தார். அங்கே யாமகுச்சி நகரத்து மக்கள் கேட்ட கேள்வி அவரை உலுக்கிவிட்டது. திரும்பி வந்து 1552 ஜனவரி 29-ஆம் நாள் கொச்சியிலிருந்து ஐரோப்பாவிலுள்ள தம் சபையாருக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் அது முழுதும் இருக்கிறது.

கடவுள் நல்லவரென்றால் இத்தனை காலமாக எங்களுக்கு ஏன் தம்மை அறிவிக்கவில்லை, அவரை வணங்காதவர் நரகத்துக்குப் போவார் என்றால் எங்கள் முன்னோர் என்ன ஆனார்கள் என்று அவர்கள் கேட்டார்கள். சவேரியார் நன்றாகவே பதிலளித்தார். எந்தப் போதகரும் வருவதற்கு முன்பே கொலை தீது, களவு தீது என்று நீங்கள் அறிந்திருந்தீர்கள் அல்லவா? காட்டிலே தனியே வளர்ந்தவனைக் கேட்டாலும் அதைச் சொல்வானே! ஆகவே கடவுளின் சட்டம் ஒவ்வொருவர் இருதயத்திலும் முன்பே எழுதப்பட்டிருந்தது என்றார். அவர்கள் மனம் தெளிந்து பலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் அதன் பிறகும் ஒரு துயரம் அவர்களை விட்டுப் போகவில்லை. நரகத்திலிருந்து மீட்சி இல்லை என்று கேட்டபோது, இறந்த தாய் தந்தையரையும் மனைவி மக்களையும் எண்ணி அழுதார்கள். பிச்சையிட்டால் உதவுமா, ஜெபித்தால் உதவுமா என்று கேட்டார்கள். உதவாது என்றார் சவேரியார். தாம் நேசித்த நண்பர்கள் இப்படிக் கண்ணீர் விடுவதைக் கண்டு தமக்கும் துக்கமுண்டாகிறது என்பதையும் மறைக்காமல் எழுதினார்.

நமது எளிய அபிப்பிராயத்தில், அந்தக் கடிதத்தின் இரண்டு பதில்களும் ஒன்றோடொன்று முழுதும் ஒட்டவில்லை. கடவுளின் சட்டம் முன்னோரின் இருதயத்தில் எழுதப்பட்டிருந்தது என்பது முதல் பதில். அப்படியானால் அதன்படி நடந்த முன்னோரும் இருந்திருப்பார்கள் அல்லவா? இரண்டாம் பதில் அந்தக் கதவைச் சாத்திவிடுகிறது. சவேரியாரைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. அவர் தம் காலத்தின் போதனையைச் சொன்னார், அழுதவர்களோடு தாமும் வருந்தினார். அந்த இரண்டு பதில்களையும் ஒன்றாகப் பொருத்தத் திருச்சபைக்கு இன்னும் 400 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நம் நாட்டிலேயே முன்பிருந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் இதைப் பற்றி என்ன எண்ணினார்கள்? மலையாளக் கரையின் தோமையார் கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுகளாக இந்துக்களோடு அண்டை அயலாராய் வாழ்ந்தவர்கள்; மயிலைக்கு யாத்திரை வந்தவர்கள். 1599 ஜூன் மாதம் கோவா பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் கூட்டிய சங்கம் அவர்களுடைய பல வழக்கங்களைத் தவறென்று தீர்த்தது. அவற்றுள் ஒன்று, ஒவ்வொருவரும் அவரவர் மார்க்கத்தில் மீட்படையலாம் என்று அம்மக்களிடையே வழங்கிய எண்ணம். சங்கம் அதைப் பதிதம் என்று கண்டித்தது. கண்டித்த ஏட்டின் வழியாகவே இன்று நாம் அந்த எண்ணத்தை அறிகிறோம். எல்லா மார்க்கமும் ஒன்றே என்பதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. திருச்சபை இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அண்டை வீட்டாரைத் தினமும் கண்டு பழகியவர்களுக்கு அவர்களை நரகத்துக்கு ஒப்புக்கொடுக்க மனம் வரவில்லை என்பதை அந்த ஏடு நமக்குக் காட்டுகிறது.

அடுத்து மதுரைக்குப் போவோம். 1606-இல் அங்கு வந்து சேர்ந்த தத்துவ போதக சுவாமிகள், அதாவது ராபர்ட் தெ நொபிலி, தம் முதுமையை மயிலாப்பூரில் கழித்து 1656 ஜனவரி 16-ஆம் நாள் அங்கேயே மரித்தார். ஆத்துமத்தைப் பற்றித் தமிழில் உரைநடையில் நீளமாக வாதித்த ஆரம்பகால எழுத்தாளர்களில் அவர் முதன்மையானவர். ‘ஆத்தும நிர்ணயம்’, ‘புனர்ஜென்ம ஆக்ஷேபம்’ என்ற நூல்கள் அவருடையவை. சே.ச. சங். இராசமாணிக்கம் அடிகளார் சென்ற நூற்றாண்டின் 60-களில் அவரது நூல்களைப் பதிப்பித்ததால் இன்று நாம் அவற்றைப் படிக்க முடிகிறது. தமிழ்நடை சற்றுக் கடினம், வடமொழி மிகுதி. பொறுமையோடு படிப்பவருக்குப் பலன் உண்டு.

ஐரோப்பாவில் அக்காலத்துக்குச் சற்று முன்புதான் ஆத்துமம் அழியுமா அழியாதா என்றே ஒரு பெரிய வழக்கு நடந்திருந்தது. 1513 டிசம்பரில் ஐந்தாம் இலாத்தரன் சங்கம், மனித ஆத்துமம் அழிவற்றது என்று முறைப்படி அறிவித்தது. 1516-இல் பொம்பொனாத்சி என்ற இத்தாலியப் பேராசிரியர், பகுத்தறிவால் மட்டும் அதை நிரூபிக்க முடியாது என்று நூல் எழுதிப் பெருங்கலகம் உண்டாக்கினார். தமிழ்நாட்டில் அந்த வழக்குக்கு அவ்வளவு வேலையில்லை. உடல் அழியும், உயிர் அழியாது என்பதைப் பெரும்பாலோருக்கு யாரும் வந்து கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. நம் திருவொற்றியூர்க் கடலோரத்தில் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. கடல் வாணிபச் செல்வத்தை ஒரே நாளில் உதறி எறிந்த அந்தத் துறவியின் பாடல்கள், உடலின் நிலையாமையைச் சொல்வதில் எந்தத் தியானப் பிரசங்கத்துக்கும் குறைந்தவையல்ல.

ஆகவே தத்துவ போதகர் வாதாட வேண்டியிருந்தது வேறொரு முனையில். அது மறுபிறவி. நம் கேள்வியின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. மறுபிறவி உண்டு என்பவருக்கு, இப்பிறவியில் உண்மையைக் காணாமல் இறந்தவரைப் பற்றிப் பெருங்கவலை இல்லை. இன்னொரு பிறவி இருக்கிறது, அதற்கடுத்து இன்னொன்று இருக்கிறது. ஒரே வாழ்வு, ஒரே மரணம், அதன்பின் தீர்வை என்று நம்புகிறவருக்குத்தான் யாமகுச்சி மக்களின் கண்ணீர் வருகிறது. ஏழைக்கும் நோயாளிக்கும் நேர்வதெல்லாம் அவரவர் முற்பிறப்பின் வினை என்ற எண்ணத்தைத் தத்துவ போதகர் மறுத்தார். ஒவ்வொரு மனிதனும் புதிதாகப் படைக்கப்பட்டவன் என்றார். அது மனிதனுக்கு மேன்மை தருவது. ஆனால் அதோடு கூடவே, அறியாமல் இறந்தவன் கதி என்ன என்ற பாரமும் நம் தோளில் ஏறிவிட்டது. இரண்டையும் சேர்த்தே நாம் பெற்றுக்கொண்டோம்.

18-ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடி லுத்தரன் போதகர்களுக்கும் வீரமாமுனிவருக்கும் நடந்த தர்க்கங்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். இங்கு வேண்டியது ஒன்றே. உத்தரிக்கிற ஸ்தலம் இல்லை, இறந்தோருக்காக ஜெபிப்பதில் பலனில்லை என்றனர் சீர்திருத்தச் சபையார். நம் முன்னோரோ நவம்பர் மாதம் முழுவதையும் ஆத்துமாக்களுக்கு ஒப்புக்கொடுத்தார்கள். 1914-இல் ஐரோப்பாவில் போர் மூண்டு இலட்சக்கணக்கானோர் மடிந்தபோது, 15-ஆம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் 1915-இல் சகல ஆத்துமாக்கள் திருநாளன்று ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்க அனுமதி தந்தார். அந்தப் போரின் குண்டு நம் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளிலும் விழுந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு வந்துபோன எம்டன் கப்பலின் பெயர் இன்றும் வடசென்னையில் வழக்குச் சொல்லாக இருக்கிறது. அந்த மூன்று பூசை வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்களுக்காக இதைச் சொன்னோம்.

இனிச் சொல்ல வேண்டியது கொஞ்சம் வேதனையானது. 1917-இல் வெளிவந்த பழைய திருச்சபைச் சட்டத்தின்படி, ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவருக்குத் திருச்சபையின் அடக்கம் கிடையாது. ஞானஸ்நானத்துக்குத் தயாரித்துக்கொண்டிருக்கும்போதே தம் குற்றமின்றி இறந்த பெரியவர்களுக்கு விலக்கு இருந்தது. பிறந்தவுடன் இறந்த சிசுக்களுக்கு இல்லை. பிரசவ அறையிலேயே மருத்துவச்சி அவசர ஞானஸ்நானம் கொடுத்துவிட்டால் குழந்தைக்கு மந்திரித்த மண் கிடைக்கும். அதற்குள் மூச்சு நின்றுவிட்டால் மந்திரிக்கப்படாத ஓர் ஓரம். அக்குழந்தைகள் நரக வேதனையும் இல்லாத, மோட்ச தரிசனமும் இல்லாத லிம்போ என்னும் இடத்தில் இருப்பார்கள் என்று இறையியலார் பல நூற்றாண்டுகளாகக் கற்பித்து வந்தனர். அதைத் திருச்சபை ஒருபோதும் விசுவாச சத்தியமாக வரையறுத்ததில்லை. ஆனால் பத்து மாதம் சுமந்த தாயிடம் போய், இது வரையறுக்கப்பட்ட சத்தியம் அல்ல என்று யார் விளக்கிக்கொண்டிருந்தார்கள்? பிள்ளையை ஓரத்தில் புதைத்துவிட்டு வந்தவளுக்கு அந்த ஓரமே போதனையாக இருந்தது.

கதவு மெல்லத் திறந்த கதையை இனிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஞானஸ்நானமோ அதன்மீதுள்ள ஆசையோ இன்றியமையாதது என்று 1547-இலேயே திரிதெந்தீன் சங்கம் சொல்லியிருந்தது. பழைய ஞானோபதேசத்தில் தண்ணீர் ஞானஸ்நானம், ஆசை ஞானஸ்நானம், இரத்த ஞானஸ்நானம் என்று மனப்பாடம் செய்தோமே, அதன் வேர் இங்கே. 9-ஆம் பத்திநாதர் பாப்பரசர் 1854-இலும் 1863-இலும், தம் குற்றமின்றி உண்மை மறையை அறியாதிருப்பவர்கள் அந்த அறியாமைக்காகக் குற்றவாளிகள் ஆவதில்லை என்று போதித்தார். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஃபீனி என்ற சேசு சபைக் குரு, கத்தோலிக்கர் தவிர யாருக்கும் மோட்சமில்லை என்று பிடிவாதமாகப் பிரசங்கித்தபோது, உரோமை 1949-இல் அவரது விளக்கத்தைத் தவறென்று எழுதியது. கீழ்ப்படியாததால் 1953-இல் அவர் திருச்சபையிலிருந்தே விலக்கப்பட்டார். திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்பதை எல்லாரினும் உரக்கச் சொன்னவர் தாமே வெளியே நின்ற விநோதத்தைப் பாருங்கள்! 1972-இல் அவர் சமாதானத்தோடு ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

இந்தியாவில் சீர்திருத்தச் சபையாரிடையேயும் இதே கொந்தளிப்பு இருந்தது. 1938 டிசம்பரில் நம் தாம்பரத்தில் கூடிய அனைத்துலக மிஷன் மாநாட்டில், ஆலந்து நாட்டுக் கிரேமர் கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கும் மற்றச் சமயங்களுக்கும் தொடர்ச்சியே இல்லை என்ற கருத்தை முன்வைத்தார். சென்னைக் கிறிஸ்தவச் சிந்தனையாளர்களான செஞ்சையா, சக்கரைச் செட்டியார் முதலியோர் அதை ஏற்கவில்லை. இதில் சக்கரைச் செட்டியாரை வடசென்னைத் தொழிலாளர் குடும்பங்கள் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கலாம். தொழிற்சங்கத் தலைவராக உழைத்தவர், சென்னை மேயராகவும் இருந்தவர்.

1964 நவம்பர் 21-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தை வெளியிட்டது. அதன் 16-ஆம் எண், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், நேர்மையான இருதயத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின் வழி அவருடைய சித்தத்தை நிறைவேற்ற அருளின் துணையால் முயல்பவர்கள் நித்திய மீட்பை அடைய முடியும் என்று போதிக்கிறது. கடவுளையே இன்னும் தெளிவாக அறியாதவர்களுக்கும் அவர் தம் உதவியை மறுப்பதில்லை என்கிறது. சவேரியாரின் முதல் பதில் இங்கே முடிவுவரை கொண்டுபோகப்பட்டது என்று நாம் காண்கிறோம். ஒரு வாரம் கழித்து நவம்பர் 28-ஆம் நாள் பம்பாயில் நற்கருணை மாநாடு தொடங்கியது. அதற்கு வந்த ஆறாம் சின்னப்பர் பாப்பரசர், பிற சமயத் தலைவர்களைச் சந்தித்தபோது, மரணத்தைக் கடந்த வாழ்வை வேண்டும் பழைய உபநிடத மன்றாட்டொன்றை எடுத்துச் சொல்லி, அது நம் காலத்துக்கும் உரியது என்றார். வெள்ளிக்கிழமைச் சடங்கும் மாறியது. முன்பு பெரிய வெள்ளியன்று, அஞ்ஞானிகள் தங்கள் விக்கிரகங்களை விட்டுத் திரும்பவேண்டுமென்று மன்றாடினோம். 1970-இன் பூசைப் புத்தகத்தில், கிறிஸ்துவை விசுவசியாதவர்கள் நேர்மையோடு நடந்து உண்மையைக் கண்டடைய வேண்டுமென்று மன்றாடுகிறோம். அஞ்ஞானி என்ற சொல் நம் ஜெபங்களிலிருந்து சந்தடியில்லாமல் மறைந்தது. 1986 பிப்ரவரி 5-ஆம் நாள் இரண்டாம் அருள் சின்னப்பர் சென்னைக்கு வந்தபோது பிற சமயத் தலைவர்களைச் சந்தித்து உரையாடியதை முதியோர் பலர் மறந்திருக்கமாட்டார்கள்.

இதைக் கேட்டுச் சிலர், அப்படியானால் நரகமே இல்லையா, மறை பரப்புவது எதற்கு என்று கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எல்லோரும், பசாசும்கூட, முடிவில் மீட்கப்பட்டுவிடும் என்ற கருத்தை ஆரிஜன் பெயரால் 6-ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபை தள்ளிவிட்டது. நரகம் உண்டு, கடவுளை அறிந்தே, முடிவுவரை, வேண்டாம் என்பவனுக்கு அது உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கானவர்களைப் புனிதர்கள் என்று பெயர் சொல்லி அறிவித்த திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒரே ஒரு மனிதரையும் பெயர் சொல்லி அறிவித்ததில்லை. 1990-இல் வெளிவந்த மீட்பரின் பணி பற்றிய சுற்றுமடல், மீட்பவர் கிறிஸ்து ஒருவரே, அவரை அறிவிக்கும் கடமை ஓயாது என்று வற்புறுத்தியது. 2000-ஆம் ஆண்டு உரோமை மீண்டும் அதை உறுதிப்படுத்தியது. யார் மீட்கப்பட்டாலும் அவரால்தான் மீட்கப்படுகிறார், அவரை அறியாமல் இருந்தாலும்கூட. கடன் கொடுத்தவர் பெயர் தெரியாமலே கடன் தீர்ந்த குடும்பங்கள் நம் தெருக்களில் இல்லையா?

வேறொரு பதிலும் இன்று நம் வாசலில் துண்டுப் பிரசுரமாக வருகிறது. நரகமும் இல்லை, தனியே ஆத்துமமும் இல்லை. தீயவர் இறுதியில் ஒன்றுமில்லாமல் அழிந்துபோவார்கள் என்பது அது. யெகோவா சாட்சிகள் இப்படிப் போதிக்கிறார்கள். அட்வென்ட் சபையாரும், வேறு சில சீர்திருத்தச் சபை அறிஞர்களும் இதற்கு நெருங்கியதைச் சொல்வதுண்டு. நித்திய வேதனையைவிட இது இரக்கமாகத் தோன்றும். அவர்களில் பலர் இரக்கத்தால்தான் இப்படி எண்ணினார்கள் என்பதையும் ஒப்புக்கொள்வோம். ஆனால் இதை ஏற்றால், மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் இடையில் நம் இறந்தோர் எவரும் இல்லை. நாம் ஜெபிக்க யாரும் இல்லை, நமக்காக ஜெபிக்கவும் யாரும் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1979-இல் உரோமையிலிருந்து வந்த ஒரு கடிதத்தின் வழி, மரித்தபின்னும் மனிதனின் ஆன்மீகக் கூறு அழியாமல் நிலைக்கிறது, ஆத்துமம் என்ற சொல்லைக் கைவிட வேண்டாம் என்று தெளிவாகக் கூறியது.

சிசுக்களின் காரியமும் மாறிவிட்டது. 1970-இன் பூசைப் புத்தகத்தில் ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த குழந்தைக்கென்றே அடக்கத் திருப்பலி உண்டு. 1983-இன் புதிய சட்டம், பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்தால் ஆயரின் அனுமதியோடு அக்குழந்தைக்குத் திருச்சபை அடக்கம் தரலாம் என்கிறது. 2007-இல் உரோமையின் அனைத்துலக இறையியல் ஆணைக்குழு, அக்குழந்தைகள் மீட்படைந்து கடவுளைத் தரிசிப்பார்கள் என்று நம்பத் தக்க ஆதாரங்கள் உண்டென்று விரிவான ஆய்வை வெளியிட்டது. உறுதியான அறிவு என்று அது சொல்லவில்லை, நம்பிக்கை என்றது. பழைய காலத்தில் பிள்ளையை ஓரத்தில் புதைத்த தாய்மாரில் பெரும்பாலோர் அதற்குமுன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தங்கள் பிள்ளைகளைப் பற்றி ஆய்வைவிடத் திட்டமாக இப்போது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

நிறைவாக, நம்மில் பலர் கேட்கக் கூச்சப்படும் ஒரு காரியம். ஞானஸ்நானம் பெறாத தகப்பனாருக்காக, மாமியாருக்காக, சிநேகிதருக்காகப் பூசைக் கருத்துக் கொடுக்கலாமா? 1983-இன் சட்டத் தொகுப்பின் 901-ஆம் விதி, உயிரோடிருப்பவரோ இறந்தவரோ, எவருக்காகவும் குரு திருப்பலியை ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது. அதில் சமயம் குறிக்கப்படவில்லை. எனவே நவம்பர் மாதம் ஆத்துமாக்களின் பெயர்ப்பட்டியல் எழுதும்போது, அவர்களுடைய பெயரையும் சேர்த்து எழுதலாம். புனிதர் பெயர் வேண்டுமே என்று புதிதாக ஒன்றைச் சூட்ட வேண்டியதில்லை. முருகேசன் என்றால் முருகேசன், கன்னியம்மாள் என்றால் கன்னியம்மாள் என்றே எழுதிக் கொடுங்கள், அப்படியே வாசிக்கப்படும்.